மூன்று மாதத்தில் இரண்டு ஹெட் கேஸ்கட்

போன மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை எங்கள் கார் இன்ஜினுக்காக நான் செலவழித்தது 76,400 ரூபாய். பதினோரு வருடப் பழைய பெட்ரோல் வண்டி. விற்கப் போனால் ஒன்றரை லட்சம் கிடைத்தாலே பெரிது. முதல் நாள் சூடேறியதுமே நிறுத்திச் சரியாகப் பார்த்திருந்தால் பத்தாயிரத்துக்குள் முடிந்திருக்கும் என்று கடைசியாக வேலை பார்த்த மெக்கானிக் சொன்னபோது அவர் ஷெட்டிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். இங்கே நானும் அத்தையும் ஏழாவது படிக்கும் மகளும்தான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், பானெட்டைத் திறந்து பார்த்துப் பழக்கமில்லை. என்னைப் போல் தனியாக நின்று மாட்டிக்கொள்ளும் யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்களுக்குக் கொரடாச்சேரி பக்கம் ஒரு கிராமம். அத்தைக்குச் சர்க்கரையால் விழித்திரை பாதித்து, மாதம் ஒரு முறை தஞ்சாவூர் போய் கண்ணில் ஊசி போட வேண்டும். தேதி தள்ளிப் போகக் கூடாது. அன்றைக்கு எட்டரை மணிக்குக் கிளம்பினோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த வழியில் போய் வருகிறவர்களுக்கு அந்தக் கேட்டைப் பற்றித் தெரியும். வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது, அத்தைக்குப் புழுக்கம் தாங்காது என்று ஏசியைப் போட்டபடி இருபது நிமிடம் இன்ஜினை ஓடவிட்டேன். கேட் திறக்கும்போது டெம்பரேச்சர் முள் முக்கால்வாசிக்கு மேலே நின்றது. வண்டி ஓடினால் காற்றுப் பட்டு இறங்கிவிடும் என்று நினைத்தேன்.

இறங்கவில்லை. கோவில்வெண்ணி தாண்டும்போது சிவப்புக் கோட்டைத் தொட்டது. அத்தை கரும்பேசுவரர் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ரவையும் சர்க்கரையும் வைத்து வேண்டிக்கொள்ளும் கோயில் அது. ஓரமாக நிறுத்தலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முள் திடீரென்று சரசரவென இறங்கி அடியில் போய் நின்றது. கரும்பேசுவரர் காப்பாற்றிவிட்டார் என்று அத்தை சொன்னார், நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கையில் இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டினேன். என் மொத்தச் செலவுக்கும் காரணம் அந்த ஐந்தாறு கிலோமீட்டர்தான்.

சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீருக்குள் முங்கி இருந்தால்தான் சரியாகக் காட்டும். இன்ஜினைக் குளிர்விக்கும் அந்தத் தண்ணீர் (கூலன்ட்) தீர்ந்துபோனால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், முள் இறங்கிவிடும். அதாவது முள் இறங்கிய அந்த நேரத்தில் இன்ஜினுக்குள் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. இதை எனக்கு யாருமே சொல்லித் தந்ததில்லை. டிரைவிங் பள்ளியில் சிக்னல் சொல்லிக் கொடுத்தார்கள், எட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தார்கள், டேஷ்போர்டில் இருக்கும் இந்த முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிவப்புக்குப் போன முள் சட்டென்று இறங்கினால் அதே இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அதற்கு முன்பே, முள் பாதியைத் தாண்டி ஏறுகிறது என்று தெரிந்தால் ஏசியை நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுதாகத் திறந்து ஃபேனை வேகமாக வையுங்கள். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை ஹீட்டர் வெளியே இழுத்துப் போட்டுவிடும். நிறுத்த இடம் கிடைக்கும் வரைக்கும் அது தாங்கும். வைகாசி வெயிலில் ஹீட்டர் போடுவதா என்று தோன்றும், போடத்தான் வேண்டும்.

அம்மாபேட்டை வந்ததும் வண்டி குலுங்கி நின்றது. பானெட் இடுக்கிலிருந்து ஆவி. நான் இறங்கி ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். எதிரே டீக்கடையில் இருந்த பெரியவர் ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டார். "சூட்டோட தெறந்தா மூஞ்சியெல்லாம் வெந்துபோயிடும்மா, அப்படியே விடு" என்றார். அவர் யாரென்று தெரியாது, அன்றைக்கு என் முகத்தைக் காப்பாற்றியவர். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் அத்தனையும் கொதித்து மேலே பீறிடும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இன்ஜினின் மேல் பாகமான ஹெட் விரிசல் விடும் என்பதையும் அவர்தான் சொன்னார். கடையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி, ஊசி போட்டுக்கொண்டு, மூன்று மணிக்குத் திரும்பி வந்தோம். இன்ஜின் ஆறியிருந்தது. தண்ணீர் ஊற்றினால் போய்க்கொண்டே இருந்தது, மூன்றரை லிட்டர் பிடித்தது. என் வண்டியின் மொத்தக் கொள்ளளவே நாலு லிட்டர் சொச்சம்தான்.

மெல்ல ஓட்டி வீடு வந்தோம். மறுநாள் பக்கத்து ஊர் ஷெட். அங்கே ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை இழுத்துப் பார்த்தார்கள், ஆயில் தண்ணீர் கலந்து பால் மாதிரி ஆகவில்லை, அதனால் ஹெட்டுக்கும் இன்ஜினின் கீழ்ப் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் தகடான கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்றார்கள். சூட்டுக்கு ஏற்ப தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்தான் மாட்டிக்கொண்டிருக்கும், நம் ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை என்று கழற்றிப் போட்டார்கள். சாவி போட்டால் ஓடும்படி ஃபேனுக்கு நேர் ஒயர் கொடுத்தார்கள். குழாயைத் திறந்து போர் தண்ணீரால் ரேடியேட்டரை நிரப்பினார்கள். 2,400 ரூபாய். எங்கள் ஊர் போர் தண்ணீர் குடத்தில் இரண்டு நாள் இருந்தால் வெள்ளையாகப் படியும். அதே தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும், அலுமினிய ஹெட்டை அரிக்கவும் செய்யும். கூலன்ட் என்று விற்பது வெறும் பச்சைச் சாயம் இல்லை, அரிப்பைத் தடுக்கும் மருந்து அதில் இருக்கிறது. கலக்காமல் கெட்டியாக வருவதை, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு டப்பாவில் சொல்லியிருக்கும் அளவில் (பெரும்பாலும் சரிபாதி) கலந்து ஊற்ற வேண்டும். தெர்மோஸ்டாட்டும் அப்படித்தான். அது இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், உண்மையான கோளாறும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துகொள்ளும். எனக்கு மறைந்துதான் போனது. பத்து நாள் முள் ஒழுங்காக இருந்தது.

ஆனால் ரேடியேட்டரோடு சேர்ந்த ரிசர்வ் டப்பாவில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. நாலு நாளைக்கு அரை லிட்டர். கீழே ஒழுகுகிறதா என்று பார்க்க, ராத்திரி இன்ஜினுக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வைத்தேன். காலையில் அட்டை காய்ந்தபடி கிடந்தது, ஒரு சொட்டுக் கறை இல்லை. அப்படியென்றால் தண்ணீர் எங்கே போகிறது? காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிடம் வண்டி நடுங்கும், பிறகு சரியாகும். சைலன்சரில் வெள்ளைப் புகை. மார்கழிப் பனியில் வெள்ளைப் புகை எல்லா வண்டிக்கும் வரும், இன்ஜின் சூடானதும் நின்றுவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஜூன் மாதத்தில், கால் மணி நேரம் ஓடிய பிறகும் வந்தால் கவனிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் ரேடியேட்டரில் ஒரு பிடி மஞ்சள் தூள் போடச் சொன்னார், லீக் அடைத்துக்கொள்ளுமாம். நல்லவேளை போடவில்லை. அது ஓட்டையை அடைப்பதை விட ரேடியேட்டரைத்தான் அடைக்கும்.

வெண்ணாற்றில் தண்ணீர் வந்த வாரம், வண்டி மறுபடியும் கொதித்தது. இந்த முறை பெரிய ஷெட்டாகப் பார்த்துப் போனேன். கேஸ்கட் போய்விட்டது, ஹெட் இறக்க வேண்டும் என்று பானெட்டைத் திறந்த இரண்டாவது நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா பேசச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. மஸ்கட்டுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். நான் பக்கத்தில் நிற்க, என் வண்டியைப் பற்றி இரண்டு பேரும் பேசி முடித்தார்கள். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கே தெரியாது, அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஐந்து நாள், 24,500 ரூபாய். பழைய கேஸ்கட்டைக் கேட்டேன், குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள். ஹெட்டைச் சோதித்துச் சீவிச் சமமாக்கும் லேத் பட்டறைக்கு அனுப்பினீர்களா என்று கேட்கத் தோன்றவில்லை, அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

பத்தொன்பது நாள் ஓடியது. இருபதாம் நாள் காலை ஸ்டார்ட் செய்ததும் அதே நடுக்கம், அதே புகை. திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அவரிடம் போனில் சொன்னபோது இரண்டு பக்கமும் பேச்சே வரவில்லை. அந்த ஷெட்டில் போய்ச் சொன்னால், நீங்கள் தண்ணீர் இல்லாமல் ஓட்டியிருப்பீர்கள் என்று என் மேலேயே பழியைப் போட்டார்கள். பில்லில் "இன்ஜின் வேலை" என்று ஒரே வரி, உத்தரவாதம் பற்றி எதுவும் எழுதவில்லை. இன்சூரன்ஸில் கேட்டேன், சாதாரண பாலிசி இதுபோன்ற இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது. வண்டியை ரெக்கவரி வேனில் ஏற்றித் தஞ்சாவூருக்கு அனுப்ப 3,500 ரூபாய் என் கையிலிருந்துதான் போனது. ரோட்டோர உதவியைச் சில நூறு ரூபாய் கூடக் கட்டி பாலிசியோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

தஞ்சாவூரில் நான் போனது அப்பாவும் பையனும் நடத்தும் சின்ன ஷெட். உறவுக்காரப் பெண் ஒருத்தி சொல்லிவிட்டாள். அந்த அண்ணன் வண்டியைப் பார்த்ததும் தொடவே இல்லை. ராத்திரி முழுக்க ஆறட்டும், காலையில் வாங்க என்றார். காலையில் அவர் செய்த நான்கு சோதனைகளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, 800 ரூபாய் ஆகும் என்றார், பிறகு வேலைக் கூலியிலேயே அதைக் கழித்துக்கொண்டார். இந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு மே மாதமே கிடைத்திருந்தால்!

முதலில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, சைக்கிள் பம்பு போல ஒன்றை அந்த வாயில் மாட்டி மெல்ல அடித்தார். மீட்டர் ஒரு பார் காட்டியதும் நிறுத்தினார். "இப்ப முள்ளப் பாருங்கம்மா" என்றார். முள் மெதுவாக இறங்கியது. டார்ச் அடித்து ரேடியேட்டரின் மேல் பக்கம் காட்டினார். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினிய வலையும் சேரும் இடத்தில் தலைமுடி அளவு விரிசல், அதில் ஈரம் முத்து முத்தாகப் பூத்தது. சூடும் அழுத்தமும் ஏறினால் மட்டும் கசியும், கசிந்தது இன்ஜின் சூட்டிலேயே ஆவியாகிவிடும். என் அட்டைப்பெட்டி காய்ந்து கிடந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். எல்லாவற்றுக்கும் ஆரம்பம் இந்த விரிசல். இரண்டு ஷெட்டிலும் இதை யாரும் தேடவே இல்லை.

அடுத்து நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி தினத்தாள் மேல் வரிசையாக வைத்தார். முதலாவது, இரண்டாவது, நாலாவது பிளக்குகள் காபித்தூள் நிறத்தில் இருந்தன. மூன்றாவது மட்டும் சீயக்காய் போட்டுத் தேய்த்த விளக்கு மாதிரி பளிச்சென்று இருந்தது. அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போய் ஆவியாகி ஆவியாகிக் கழுவியிருக்கிறது. பிளக் ஓட்டையில் மீட்டரைத் திருகி ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்த்தார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்: 175, 115, 105, 170. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிலிண்டர் சேர்ந்தாற்போல் குறைந்தால், நடுவில் இருக்கும் கேஸ்கட் சுவர் போய்விட்டது என்று சந்தேகப்பட வேண்டும். நான்குமே ஒரே அளவு குறைந்திருந்தால் கதை வேறாக இருக்கும்.

கடைசிச் சோதனை எனக்குப் பிடித்தது. பையன் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் தண்ணீர் ஊற்றி ரேடியேட்டர் வாயில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, மேலே ரப்பர் உருண்டையை அழுத்தி அழுத்தி விட்டான். ரேடியேட்டர் காற்று நீலத் தண்ணீர் வழியாகக் குமிழ் விட்டது. இரண்டு நிமிடத்தில் நீலம் பச்சையாகி, பிறகு மஞ்சளானது. எரிந்த பெட்ரோலின் புகை ரேடியேட்டருக்குள் வந்தால்தான் அப்படி நிறம் மாறும். நிறம் மாறவில்லையென்றால் ஹெட்டைத் தொடுவதற்கு முன் மூடி, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஃபேன் என்று மற்றவற்றைத்தான் பார்ப்பேன் என்றார் அண்ணன். ஆயில் சுத்தமாகத்தானே இருந்தது என்று கேட்டேன். கேஸ்கட்டில் ஆயிலுக்கு ஒரு வழி, தண்ணீருக்கு ஒரு வழி, நெருப்புக்கு ஒரு வழி, எந்த இரண்டுக்கும் நடுவில் வேண்டுமானாலும் அது கிழியலாம், உங்களுக்குத் தண்ணீருக்கும் நெருப்புக்கும் நடுவில் கிழிந்திருக்கிறது என்றார். டிப்ஸ்டிக்கை மட்டும் பார்த்து யாராவது கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்றாலோ, ஆயில் மூடியில் கொஞ்சம் வெள்ளை நுரையைப் பார்த்துவிட்டு கேஸ்கட் போய்விட்டது என்றாலோ நம்பிவிடாதீர்கள். பக்கத்துத் தெருவுக்கு மட்டும் போய்வரும் வண்டியிலும் மூடியில் அந்த நுரை வரும்.

ஹெட்டை இறக்கிய அன்றைக்கு என்னை வரச் சொன்னார். கழுவிய ஹெட்டைக் கவிழ்த்து மேஜையில் வைத்து, அதன் மேல் ஒரு இரும்புச் சட்டத்தைக் குறுக்காக நிறுத்தினார். சட்டத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவில் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழையக் கூடாது. நடுவில், இரண்டாம் மூன்றாம் சிலிண்டர் பக்கம், 0.15 தகடு தாராளமாகப் போய் வந்தது. என்னையே நுழைத்துப் பார்க்கச் சொன்னார். ஹெட் வளைந்திருக்கிறது. முதல் நாள் தண்ணீரில்லாமல் ஓட்டியபோதே வளைந்திருக்கும். போன ஷெட்டில் அந்த வளைவின் மேலேயே புதுக் கேஸ்கட்டை வைத்து, இரண்டு பக்கமும் பேஸ்ட் தடவி, பழைய போல்ட்டுகளையே முறுக்கியிருக்கிறார்கள். எங்கள் வண்டியில் இருக்கும் ஹெட் போல்ட் ஒரு முறை முறுக்கும்போதே நீளும் வகை, இரண்டாம் முறை போட்டால் பிடிப்பு வராது. எல்லா வண்டிக்கும் அப்படி இல்லை, உங்கள் வண்டிக்கு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

லேத்தில் ஹெட்டை அழுத்தத் தண்ணீரில் வைத்து விரிசல் இல்லை என்று பார்த்த பிறகுதான் பேசிங் பிடித்தார்கள், அதாவது வளைந்த பரப்பைச் சீவிச் சமமாக்கினார்கள். விரிசல் இருந்தால் அதற்கு மேல் செலவு செய்யாதீர்கள், பழைய வண்டியை அப்படியே கொடுத்துவிடலாம் என்று அண்ணன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கமில்லை. பேசிங்கையும் இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது, கம்பெனி சொல்லும் அளவுக்கு மேல் சீவினால் ஹெட்டே வீண். திரும்ப மாட்டும்போது, எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் முறுக்காமல் மூன்று சுற்றில் இறுக்கினார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். கேஸ்கட் திருச்சியிலிருந்து வர வேண்டியிருந்ததால் மொத்தம் ஒன்பது நாள்.

செலவைப் பிரித்து எழுதுகிறேன், மற்றவர்களுக்கு ஒரு கணக்குக்கு ஆகும். லேத் 3,200. கேஸ்கட் செட் 4,600. புது போல்ட்டுகள் 1,900. ரேடியேட்டர் 6,800. எப்படியும் பிரித்தாகிவிட்டது என்று வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், மறுபடியும் ஒரு தெர்மோஸ்டாட் மூன்றும் சேர்த்து 5,400. இரண்டு முறை ஆயிலும் ஃபில்டரும், கூலன்ட்டும் 5,300. கூலி 11,000. ஆக 38,200. அதற்கு முன் இரண்டு ஷெட்டில் 26,900, ரெக்கவரி 3,500, அத்தையின் ஊசிக்காக வாடகைக் காரில் மூன்று முறை போய் வந்தது 7,800. ஆயில் இரண்டாம் முறை ஏன் என்றால், ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் முதல் ஆயிலை மாற்றிவிட வேண்டும், உள்ளே மிச்சம் இருக்கும் தண்ணீரும் அழுக்கும் அதோடு வந்துவிடும்.

இப்போது யார் ஹெட் இறக்க வேண்டும் என்றாலும் நான் கேட்பது இவைதான். கம்ப்ரஷன் எவ்வளவு, எண்ணை எழுதிக் கொடுங்கள். எதனால் சூடானது, அதைக் கண்டுபிடித்தீர்களா. ஹெட்டை அளக்கும்போது என்னைக் கூப்பிடுங்கள். லேத் பில் தனியாக வேண்டும், கழற்றிய சாமான் எல்லாம் திரும்ப வேண்டும். ஆம்பளையிடம்தான் பேசுவேன் என்று சொல்லும் ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். உங்களிடம் விளக்கம் சொல்லாதவர் வண்டியையும் நின்று பார்க்க மாட்டார்.

ரிசர்வ் டப்பாவின் வெளியில் மகளின் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்ப்பேன். ஏழு மாதமாகக் கோட்டிலேயே நிற்கிறது. போன வாரம் நீடாமங்கலம் கேட்டில் மறுபடியும் மாட்டினோம். இந்த முறை இன்ஜினை அணைக்காமல் வேண்டுமென்றேதான் வைத்திருந்தேன். முள் பாதிக்கு வந்தது. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பானெட்டுக்குள் ஃபேன், அந்த நேர் ஒயர் இல்லாமல், தானாக ஓடத் தொடங்கியது, ஒரு நிமிடம் ஓடி நின்றது. "ஓடுச்சா?" என்றார். ஓடிச்சு அத்தை என்றேன். கேட் திறக்கும் வரை அது இன்னும் நான்கு முறை ஓடியது, நாங்கள் இரண்டு பேரும் எண்ணிக்கொண்டிருந்தோம்.